கரி எங்கிருந்து வருகிறது?

(கோவையில் கார் வைத்திருப்பவர்களும் மெக்கானிக்குகளும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு இந்தியாவில் புதிதாக டீசல் கார் வாங்கியவர்கள், தெரிந்தோ தெரியாமலோ ஒரு பாகத்தையும் சேர்த்தே வாங்கியிருக்கிறார்கள். டிபிஎஃப் என்று நாம் சுருக்கமாகச் சொல்கிற கரி வடிகட்டி அது. ஷோரூமில் சாவி கொடுக்கும்போது சன்ரூஃப் எப்படித் திறக்கும், போனை எப்படி இணைப்பது என்றெல்லாம் காட்டுகிறார்கள். இந்த வடிகட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஓட்டுகிறவர் எப்படி ஓட்ட வேண்டும் என்பதையே மாற்றிவிட்ட பாகம் அது. அதைப் பற்றிச் சொல்லாமல் வண்டியைக் கையில் கொடுப்பது பெரிய குறை என்று நான் நினைக்கிறேன். ஒரு நாள் டேஷ்போர்டில் மஞ்சள் லைட் எரியும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவருகிறது.

முதலில் அது ஏன் வந்தது என்று பார்ப்போம். பிஎஸ்-4 என்ற பழைய மாசு விதிப்படி ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை துகள் விடலாம். நாடு பிஎஸ்-5 என்ற படியில் கால் வைக்காமலேயே பிஎஸ்-6-க்குத் தாவியது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்-4 வண்டி விற்கவே கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. புதிய வரம்பு நாலரை மில்லிகிராம். அதோடு, துகள்களின் எடைக்கு மட்டும் இருந்த வரம்பு எண்ணிக்கைக்கும் வந்தது. கிலோமீட்டருக்கு 60,000 கோடி துகள்கள். கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தெரியும். வடிகட்டி இல்லாத டீசல் எஞ்சின் ஏறத்தாழ இதைப்போல நூறு மடங்கு விடும். எஞ்சினை எவ்வளவு திருத்தினாலும் வடிகட்டி இல்லாமல் இந்த வரம்புக்குள் வர முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதற்காக இஜிஆர் வால்வு வழியாகப் புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் விடுகிறோம். அப்படி விட்டால் எரியும் வெப்பம் குறைகிறது, நைட்ரஜன் ஆக்சைடும் குறைகிறது, ஆனால் கரி கூடுகிறது. கூடிய கரியைப் பிடிக்கப் பின்னால் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இந்த வடிகட்டி.

இது ஐரோப்பாவுக்குப் புதிதல்ல. பிரான்ஸின் பெஜோ நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலேயே தன் 607 காரில் இதைப் பொருத்தி விற்றது. நம் நாட்டுக்கு அது வரத் தாமதமானதற்கு எரிபொருளும் ஒரு காரணம். பிஎஸ்-3 காலத்து டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 350 பங்கு. பிஎஸ்-4 டீசலில் 50. இப்போது 10. கந்தகம் மிகுந்த டீசல் வடிகட்டியின் பிளாட்டினம் பூச்சைக் கெடுத்துவிடும்.

இனி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். சிலிக்கான் கார்பைடு அல்லது கார்டியரைட் என்ற பீங்கான் வகையில் செய்த உருளை அது. அதன் நீளவாக்கில் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள் ஓடும். ஒரு குழாய்க்கு முன்வாய் திறந்து பின்வாய் அடைத்திருக்கும். பக்கத்துக் குழாய்க்கு முன்வாய் அடைத்துப் பின்வாய் திறந்திருக்கும். உள்ளே வந்த புகைக்கு நேராக வெளியேற வழியில்லை. நடுவிலுள்ள நுண்துளைச் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்துக் குழாய்க்குள் போனால்தான் வெளியேறலாம். அப்போது கரி சுவரிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே வடிகட்டியில் கரி சேர்வது கோளாறே இல்லை. சேர்ந்த கரி எரியாமல் போவதுதான் கோளாறு. இன்று நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

கரி தானாக எரிய வேண்டுமானால் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். காந்திபுரம் சிக்னலில் நின்று நின்று போகிற காரின் புகை 200 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் போகும்போது 300, 400 என்று ஏறும். அந்த வெப்பத்தில், புகையிலேயே உள்ள நைட்ரஜன் டை ஆக்சைடின் உதவியால் கரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே போகும். ஓட்டுபவர் எதுவும் செய்ய வேண்டாம். வாரம் இருமுறை ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் போய்வருகிற வியாபாரியின் வண்டியில் டிபிஎஃப் லைட்டே எரியாததற்கு இதுதான் காரணம்.

ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு இந்த வாய்ப்பு இல்லை. அதனால் கரி ஓர் அளவைத் தாண்டியதும் எஞ்சினின் கம்ப்யூட்டர் தானே வேலையில் இறங்குகிறது. டீசல் எரிந்து முடிந்த பிறகு, பிஸ்டன் கீழே இறங்கும் நேரத்தில் இன்னும் கொஞ்சம் டீசலை உள்ளே பீய்ச்சும். அது எரியாமல் வெளியே போய், வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் கேட்டலிஸ்டில் எரிந்து புகையை 600 டிகிரிக்குக் கொண்டுவரும். இதைத்தான் ரீஜென் என்கிறோம். சாதாரணமாகச் சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நடக்கும். முடியப் பத்து நிமிடம் முதல் இருபது நிமிடம் வரை ஆகும்.

இந்த இருபது நிமிடம்தான் நம் ஊர்களில் கிடைப்பதில்லை. வடவள்ளியிலிருந்து பள்ளிக்கூடம் போய்ப் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பினால் அதற்குள் எஞ்சின் சூடேறவே நேரம் சரியாக இருக்கும். ரீஜென் தொடங்கி நடுவில் சாவியைத் திருப்பி அணைத்தால் அது அப்படியே நின்றுவிடும். அடுத்த நாள் மறுபடி தொடங்கி மறுபடி நிற்கும். இப்படிப் பாதியில் நிற்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு கெடுதல்கள். ஒன்று, கரி எரியவில்லை. மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது. கடைசியில் பீய்ச்சிய டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரை ஒட்டிக் கீழே வழிந்து எஞ்சின் ஆயிலில் கலந்துவிடுகிறது. எஞ்சின் ஓடினால் ஆயில் குறையும் என்றுதான் நாம் கேட்டிருக்கிறோம். இந்த வண்டிகளில் ஆயில் கூடும். கேஜை உருவிப் பார்த்து மேல்கோட்டைத் தாண்டியிருந்தால், யாரோ அதிகமாக ஊற்றிவிட்டார்கள் என்று விட்டுவிடாதீர்கள். முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை வரும். நீர்த்துப்போன ஆயில் டர்போவின் தண்டையும் கிராங்க் பேரிங்கையும் தின்றுவிடும். டிபிஎஃப் அடைத்தால் சரிசெய்துவிடலாம். டீசல் கலந்த ஆயிலில் ஓடித் தேய்ந்த எஞ்சினை எளிதில் மீட்க முடியாது.

ரீஜென் நடக்கும்போது பெரும்பாலான கார்கள் நமக்குச் சொல்வதில்லை. கவனித்தால் தெரியும். சிக்னலில் நிற்கும்போது 800-ஐ ஒட்டி இருக்க வேண்டிய ஐட்லிங் ஆர்பிஎம் 1000-ஐத் தொடும். நின்றால் தானாக அணையும் வசதியுள்ள வண்டி அணையாது. அந்த நேரத்து மைலேஜ் திடீரென்று விழும். வண்டியை நிறுத்திய பிறகும் முன்னால் விசிறி பலமாகச் சுற்றும், சூடான இரும்பு வாடை அடிக்கும். இந்த அறிகுறிகள் தெரிந்தால் அணைக்காமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

மஞ்சள் லைட் எரிந்தேவிட்டது என்றால்? பயப்பட வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே, தடையில்லாத சாலைக்குப் போங்கள். நமக்கு அவிநாசி தாண்டிச் சேலம் போகும் சாலை இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு வண்டலூர் மீஞ்சூர் வெளிவட்டச் சாலை. 60, 70 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு கியர் குறைத்து, ஆர்பிஎம் 2000-க்குக் கீழே விழாமல் இருபது நிமிடம் சீராக ஓட்டுங்கள். வேகம் கூட்டுவது முக்கியமில்லை, விட்டுவிட்டு ஓட்டாமல் இருப்பதுதான் முக்கியம். டேங்கில் டீசல் போதுமான அளவு இருக்கட்டும். ரிசர்வ் லைட் எரியும்போது பல வண்டிகள் ரீஜென் தொடங்கவே மாட்டா. லைட் அணைந்துவிட்டால் வேலை முடிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அறுவடைக் காலத்தில் நம் கிராமத்துச் சாலைகளில் கதிரையும் தட்டையையும் பரப்பி வைத்திருப்பார்கள். ரீஜென் நடக்கும் வண்டியின் வயிற்றுப் பகுதி கொதித்துக்கொண்டிருக்கும். வைக்கோல் சுற்றிக்கொண்டால் தீப்பிடிக்கும். அப்படிப்பட்ட சாலையைத் தவிர்த்துவிடுங்கள். காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தவும் வேண்டாம்.

டிபிஎஃப் லைட்டோடு செக் எஞ்சின் லைட்டும் சேர்ந்து எரிந்தால், அல்லது லைட் விட்டுவிட்டுக் கண்சிமிட்டினால், வண்டி இழுவை குறைந்து மேட்டில் முனகினால், ஓட்டிச் சரிசெய்கிற கட்டம் போய்விட்டது. கரி அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கும்போது தீப்பற்றினால் வெப்பம் எல்லை தாண்டும், பீங்கானே வெடித்துவிடும். அதனால்தான் அந்தக் கட்டத்தில் கம்ப்யூட்டரே ரீஜெனைத் தடுத்துவிடுகிறது. நேராக ஒர்க் ஷாப்புக்குப் போய்விட வேண்டும். அங்கே ஸ்கேனர் மாட்டி, வண்டியை நிறுத்திவைத்தே கட்டாயமாக எரிக்க வைப்பார்கள்.

மெக்கானிக் நண்பர்களோடு இனிக் கொஞ்சம் மனம்விட்டுப் பேச வேண்டும். கட்டாய ரீஜென் செய்து லைட்டை அணைத்துக் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஓர் ஆசிரியை அம்மா, பணி ஓய்வு பெற்றவர், என்னிடம் வந்தார். "ஏனுங்க சார், வண்டி புதுசுதானுங்க. மாசம் ஒருக்கா லைட் எரியுது, கொண்டுபோனா அணைச்சுத் தர்றாங்க. மறுபடி எரியுது. இப்ப ஃபில்டரே மாத்தணும்ங்கறாங்க" என்றார். அவர் ஓட்டுவது ஊருக்குள் மட்டுமல்ல. பேரனைப் பார்க்கத் திருப்பூருக்கு அடிக்கடி போய்வருகிறவர். பிறகு ஏன் அடைக்க வேண்டும்? ஸ்கேனரை மாட்டிக்கொண்டு அவரோடு அவிநாசி சாலையில் போனேன். நெடுஞ்சாலையில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதும் கூலன்ட் வெப்பம் 70 டிகிரியைத் தாண்டவில்லை. 90-ஐ ஒட்டி இருக்க வேண்டியது அது. தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று எண்ணிக் கம்ப்யூட்டர் ரீஜெனைத் தொடங்கவே இல்லை. தெர்மோஸ்டாட்டின் விலை வடிகட்டியின் விலையில் சிறு பங்குதான். அதை மாற்றியதும் வண்டி தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. அந்த அம்மாவிடம் லட்சக் கணக்கில் செலவு சொன்னவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் லைட்டைத்தான் பார்த்தார்கள். கரி ஏன் எரியவில்லை என்று கேட்கவில்லை.

நாம் கேட்க வேண்டியவை இரண்டு. கரி ஏன் எரியவில்லை? கரி ஏன் இவ்வளவு வருகிறது? முதல் கேள்விக்கு விடை தெர்மோஸ்டாட்டில் இருக்கலாம், புகை வெப்பத்தை அளக்கும் சென்சாரில் இருக்கலாம், டேங்கில் டீசல் இல்லாததில் இருக்கலாம், ஓட்டும் விதத்தில் இருக்கலாம். இரண்டாவது கேள்விக்கு இன்ஜெக்டரைப் பாருங்கள், சொட்டுகிற இன்ஜெக்டர் கரிப் பண்ணை. இன்டர்கூலர் குழாயில் விரிசல் இருந்தால் காற்று வழியில் கசிந்து, டீசலுக்குப் போதாமல் போகும். இஜிஆர் வால்வு திறந்தபடி ஒட்டிக்கொண்டிருக்கலாம். டர்போ ஆயிலை விடலாம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு வடிகட்டியை மாற்றினால் புது வடிகட்டியும் சில மாதங்களில் அதே கதிக்கு ஆளாகும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. வடிகட்டி அடைக்கவே இல்லாமல் அடைத்ததாகச் சொல்லும் வண்டிகள். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை ஒரு சென்சார் அளக்கிறது. அதற்கு இரண்டு சின்ன ரப்பர் குழாய்கள் போகும். சூட்டில் வெடித்தாலும், உள்ளே கரி அடைத்தாலும், மாற்றி மாட்டினாலும் கணக்கு தப்பாக வரும். ஸ்கேனரில் பி2463 என்ற பிழைக் கோடு வந்தவுடன் வடிகட்டியைக் கழற்றுவதற்கு முன் இந்தக் குழாய்களைக் கையால் தடவிப் பாருங்கள். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டால் அழுத்த வித்தியாசம் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சென்சார்தான் பொய் சொல்கிறது. கடைசி ரீஜென் நடந்து எவ்வளவு தூரம் ஆயிற்று என்றும் ஸ்கேனர் காட்டும். ஒவ்வொரு சர்வீஸிலும் அதை ஜாப் கார்டில் எழுதி வையுங்கள். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நடந்தது நூறுக்கு ஒருமுறை என்று சுருங்கினால், லைட் எரிவதற்கு வெகு முன்னரே காரணத்தைத் தேடத் தொடங்கிவிடலாம்.

வடிகட்டிக்குள் சேர்வது கரி மட்டும் இல்லை. விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கரிக்கட்டை மிஞ்சினால் மறுபடி மூட்டி எரித்துவிடலாம். சாம்பலை எவ்வளவு ஊதினாலும் எரியாது, அள்ளித்தான் கொட்ட வேண்டும். இங்கே அந்தச் சாம்பல் எஞ்சின் ஆயிலிலிருந்து வருகிறது. ஆயிலில் சேர்க்கும் கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் கலவைகள் எஞ்சினுக்கு நல்லவை, வடிகட்டிக்குக் கெட்டவை. ஆயில் துளித்துளியாக எரியும்போது அவை சாம்பலாகி வடிகட்டியின் கடைக்கோடியில் படியும். எந்த ரீஜெனும் அதைத் தொடாது. அதனால்தான் இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் போட வேண்டும். டப்பாவில் ஏசிஇஏ சி2, சி3 என்று போட்டிருக்கும். உங்கள் வண்டியின் கையேடு எதைக் கேட்கிறதோ அதையே போடுங்கள். நூறு ரூபாய், இருநூறு ரூபாய் மிச்சத்துக்காக லாரிக்கு வாங்கிவைத்த ஆயிலை ஊற்றுவது வடிகட்டியின் ஆயுளை வெட்டுகிற வேலை.

நல்ல ஆயிலோடு ஓடினால் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர், அதற்கு மேலும் வடிகட்டி தாங்கும். பிறகு சாம்பல் நிறைந்தால், கழற்றி, உலையில் சுட்டு, எதிர்த்திசையில் காற்று அடித்துச் சுத்தம் செய்யும் முறை இருக்கிறது. எடை போட்டுப் பார்த்து வேலை முடிந்ததா என்று சொல்லும் இடத்தில் கொடுங்கள். வாட்டர் வாஷ் துப்பாக்கியை வைத்து அடித்துக் கழுவுவதையும், ஆசிட்டில் ஊறவைப்பதையும் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பீங்கானும் பூச்சும் போய்விடும். டேங்கில் ஊற்றும் டிபிஎஃப் கிளீனர் பாட்டில்கள் கரி எரியும் வெப்பத்தைக் கொஞ்சம் குறைக்க உதவலாம். சாம்பலை அவை எதுவும் செய்யா, சொட்டும் இன்ஜெக்டரையும் திருத்தா. இன்னொன்று, டிஇஎஃப் என்று பங்க்கில் விற்கும் யூரியா நீருக்கு, அது தேவைப்படும் வண்டிகளில் தனி டேங்க் இருக்கிறது. டிபிஎஃப் கிளீனர் என்று எண்ணி அதை டீசல் டேங்கில் ஊற்றிவிடாதீர்கள். எரிபொருள் அமைப்பு முழுவதும் போய்விடும்.

இப்போது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயத்துக்கு வருகிறேன். புது வடிகட்டியின் விலையைக் கேட்டதும் ஒருவர் காதோடு சொல்வார்: "டெலிட் பண்ணிடலாம் சார். பிக்கப் ஏறும், மைலேஜ் ஏறும், இனிமே தொல்லையே இல்ல." பீங்கானை உடைத்து வெளியே கொட்டிவிட்டு, வெறும் கூட்டை மறுபடி மாட்டி, கம்ப்யூட்டரை மாற்றி எழுதி, வடிகட்டி இருப்பதாகவே நம்பவைத்துவிடுவார்கள். இந்த ஊரிலும் நடக்கிறது.

இது சட்டப்படி குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரித்தவர் கொடுத்த அமைப்பை இஷ்டம்போல் மாற்றத் தடை போடுகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் நம் புகைச் சோதனையில் இது பிடிபடாமல் போகலாம். அங்கே பார்ப்பது புகை எவ்வளவு கறுப்பாக, எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதைத்தான். இந்தத் துகள்களில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. பிரிட்டன் 2014-லேயே ஆண்டுச் சோதனையில் வடிகட்டி கழற்றப்பட்டது தெரிந்தால் வண்டி தோல்வி என்று வைத்தது. பெல்ஜியம் 2022-இலும், நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023-இலும் துகள்களை எண்ணும் கருவியையே சோதனைக் கூடங்களுக்குக் கொண்டுவந்துவிட்டன. ஜெர்மனியில் ஒரு கன சென்டிமீட்டர் புகையில் இரண்டரை லட்சத்துக்கு மேல் துகள் இருந்தால் வண்டி தேறாது. வடிகட்டி உடைந்தாலோ கழற்றினாலோ அங்கே மறைக்க முடியாது. நம் நாட்டுக்கும் அந்தக் கருவி வர வேண்டும். வரும்வரை பொறுப்பு நம் கையில்தான் இருக்கிறது.

2012 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உறுதியான பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் பட்டியல் அது. அந்தத் துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும், இரத்தத்திலும் கலக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது அதிகம் போவதில்லை. பின்னால் ஸ்கூட்டியில் பிள்ளையை முன்னால் நிற்கவைத்துக்கொண்டு வருகிற தாய்க்குப் போகிறது. உக்கடம் சிக்னலில் வெயிலில் நிற்கும் போக்குவரத்துக் காவலருக்குப் போகிறது. சாலையோரத்தில் நாள் முழுக்க இளநீர் வெட்டுகிறவருக்குப் போகிறது. அவர்கள் யாரும் நம் மைலேஜில் பங்கு கேட்கவில்லை. சம்பளத்துக்குக் கட்டுப்பட்டு இந்த டெலிட் வேலையைச் செய்யும் இளம் மெக்கானிக் தம்பிகளே, உங்களிடம் இதை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வேலை வந்தால் முடியாது என்று சொல்லுங்கள். வடிகட்டியைக் காப்பாற்றத் தெரிந்தவருக்கு இந்தத் தொழிலில் எந்நாளும் வேலை உண்டு.

புதிதாக வாங்க இருப்பவர்களுக்கு ஒரு சொல். தினமும் ஐந்து, ஆறு கிலோமீட்டர் போய்வருவதுதான் உங்கள் ஓட்டம் என்றால் டீசல் வேண்டாம். பெட்ரோல், சிஎன்ஜி, மின்சாரம், எதுவாகவும் இருக்கட்டும். டீசல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்ற கணக்கில் தொடங்கி வடிகட்டியின் விலையில் முடிப்பது வீண். நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு டீசல் இன்றைக்கும் நல்ல எஞ்சின்தான்.

பழைய டீசல் கார் வாங்குகிறவர்கள் கூடுதலாக விழிப்பாக இருக்க வேண்டும், டெலிட் செய்த வண்டிகள் கடைசியில் அந்தச் சந்தைக்குத்தான் வருகின்றன. பிஎஸ்-6 வண்டிதானா என்று ஆர்சி-யில் பாருங்கள். ஸ்கேனர் மாட்டி, ரீஜென் நடந்த பதிவு இருக்கிறதா, எஞ்சினை முறுக்கும்போது அழுத்த வித்தியாசம் ஏறுகிறதா என்று கேளுங்கள். எவ்வளவு முறுக்கினாலும் அசையாமல் நின்றால் உள்ளே பீங்கான் இருக்காது. ஸ்கேனர் கிடைக்கவில்லையா? எஞ்சின் ஆறிய பிறகு சைலன்சர் குழாயின் வாய்க்குள் ஒரு வெள்ளைத் துணியை விட்டுச் சுற்றித் துடையுங்கள். வடிகட்டி ஒழுங்காக வேலை செய்யும் வண்டியில், லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தாலும், துணி ஏறக்குறைய சுத்தமாகவே வரும். கறுப்பாக அப்பிக்கொண்டு வந்தால், வடிகட்டி உடைந்திருக்கிறது அல்லது உள்ளே இல்லை. புது வடிகட்டியின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள், ஒப்புக்கொள்ளாவிட்டால் வண்டியை விட்டுவிடுங்கள்.